கல்லூரி எத்தனை மைல்? – 11: வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பாதை

சென்ற இதழில் சிதம்பரத்தில் நின்றோம். 1929இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கடலோரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்த கதையைப் பார்த்தோம். சென்னைக்கு வெளியே தமிழ் மண்ணில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் அது. இந்த இதழில் அதே தென்னார்க்காட்டின் மறுகோடிக்குப் போகிறோம். கிழக்கு எல்லையில் பல்கலைக்கழகம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மேற்கு எல்லையில் கல்வராயன் மலைமேல் ஜாகிர்தார்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே மாவட்டம். இரண்டுக்கும் ஒரே கலெக்டர், கடலூரில்.

ஒரு கல்லூரி எழும்பிவிட்டால் அந்த வட்டாரமே படித்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த மலையின் அடிவாரத்துக் கள்ளக்குறிச்சியின் கதை அப்படிச் சொல்லவில்லை. இங்கே கல்லூரி மலையை நோக்கி ஒவ்வோர் அடியாக நகர்ந்து வந்திருக்கிறது. மலையும் கல்லூரியை நோக்கி ஒவ்வோர் அடியாக இறங்கி வந்திருக்கிறது. இரண்டும் சந்திப்பதற்கு நூறாண்டு ஆகிவிட்டது. அந்தச் சந்திப்பும் இன்னும் முழுமையாக நடந்துவிடவில்லை.

மலையும் மக்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் வரை கரும்புத் தோட்டங்கள்தான். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பிறகு கோமுகி அணை. அணையைத் தாண்டியதும் சாலை வளையத் தொடங்குகிறது. கரியாலூர் வந்ததும் காற்று மாறிவிடும். அதற்கும் மேலே, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமான வெள்ளிமலை. சரிவெல்லாம் மரவள்ளி, சாமை, தினை. வீட்டுப் புறத்தில் பலா. காட்டுக்குள் கடுக்காய். கல்வராயன் கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைகளில் தனிப் பெயர் உண்டு.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. வடக்கே சின்னக் கல்வராயன், சுமார் 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், சுமார் 4,000 அடி. மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், மறுபக்கம் கருமந்துறையை மையமாகக் கொண்ட சேலம் மாவட்டம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன.

இங்கே வாழ்பவர்களுக்கு ‘மலையாளிகள்’ என்று பெயர். கேரளத்து மலையாளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் பழங்கதையைச் சொல்கிறார்கள். மூவரும் ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அந்தக் கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இதுதான்: 3,57,980 பேர்.

ஜாகிரில் பிறந்த குழந்தை

சடையக் கவுண்டன் ஜாகிர், குறும்பக் கவுண்டன் ஜாகிர், ஆரியக் கவுண்டன் ஜாகிர். தென்னார்க்காடு பக்கத்து மலை இந்த மூன்று பெயர்களில் பிரிந்து கிடந்தது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று ஜாகிர்தார்கள் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சி அந்த உரிமையைத் தொடவில்லை. மலைக்குடிகள் வரியை ஜாகிர்தாருக்குக் கட்டினார்கள், அவர் வீட்டுக்கு வெட்டி வேலை செய்தார்கள். உழுத நிலத்துக்குத் தங்கள் பெயரில் பட்டா இல்லை.

1948இல் சென்னை மாகாணம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. மலைமேல் ஜாகிர் நின்றது. ஒழிப்பு முயற்சி வந்தபோது வழக்குகள் வந்தன, இழுபறி நீண்டது. கடைசியில் 1976 ஜூனில்தான், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜாகிர் ஆட்சி முடிந்து கல்வராயன் மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவரும் வாசகர்கள் ஓர் ஆண்டை நினைவில் வைத்திருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. 1957இல் நூற்றாண்டு கண்டது. அதற்கும் 19 ஆண்டுகள் கழித்துத்தான் வெள்ளிமலைக்காரர் ஜாகிர்தாரிடமிருந்து விடுபட்டார். காமராசர் காலத்துப் பள்ளிகளும் 1956இல் தொடங்கிய மதிய உணவும் சமவெளி முழுவதும் ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்டன. அந்த அலை மலையடிவாரம் வரை வந்தது. மேலே ஏறியபோது மெலிந்துபோனது.

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பழங்குடியினர் துணைத் திட்டம் வந்தது. அதன் பயனாகக் கல்வராயன் மலைக்கு ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம் கிடைத்தது. கடுக்காயையும் புளியையும் வாங்க ‘லேம்ப்’ கூட்டுறவுச் சங்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. மலையில் அந்தப் பள்ளிகளை ‘ஜிடிஆர் ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடையும் காடும் இருக்கும் இடத்தில், நாள்தோறும் நடந்து வந்து படிக்கும் பள்ளி எல்லோருக்கும் ஒத்துவராது. சாப்பாடும் படுக்கையும் பாடமும் ஒரே கூரையின் கீழ் வேண்டும். இந்த மலையிலிருந்து பின்னாளில் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூரையின் கீழ்ப் படுத்தெழுந்தவர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1977இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மலைக்குழந்தை, ஒரு வகுப்பும் தவறாமல் படித்திருந்தால், 1989இல் பிளஸ் டூ முடித்திருக்கும். அடுத்த ஆண்டே, 1990இல், தமிழ்நாடு பழங்குடியினருக்கு 1 சதவீத இடஒதுக்கீட்டைத் தனியாகப் பிரித்துத் தந்தது. அதுவரை ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 18 சதவீதம். அந்தப் பொது வரிசையில் மலைமாணவர் கடைசியில் நின்றார். தனி ஒதுக்கீடு வந்த பிறகுதான் அவருக்கென ஒரு நாற்காலி கல்லூரியில் போடப்பட்டது. ஆனால் அந்த நாற்காலி எந்த ஊரில் இருந்தது?

நகர்ந்து வந்த கல்லூரி

1960களில் தமிழ்நாட்டில் அரசு கலைக் கல்லூரிகள் மாவட்டம் மாவட்டமாகப் பரவின. தென்னார்க்காட்டில் 1964இல் கடலூர், 1966இல் விருத்தாசலம், 1968இல் விழுப்புரம். அந்த நாளில் பள்ளியிறுதி முடித்தவர் ஓராண்டு பி.யூ.சி. படிக்கவே கல்லூரிக்குத்தான் போக வேண்டும். கள்ளக்குறிச்சி வட்டத்துப் பையன் அதற்கே விழுப்புரத்திலோ விருத்தாசலத்திலோ அறை எடுத்தான். சிலர் மேற்கே ஆத்தூர், சேலம் பக்கம் போனார்கள். அன்று கள்ளக்குறிச்சி நகரத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறச் சின்னசேலம் போக வேண்டும். எல்லாப் பயணமும் பஸ்ஸில்தான். பெண் குழந்தைகளுக்கு அந்தப் பஸ் பயணமே தடையாக நின்றது. விடுதி இல்லாத ஊருக்குப் பெண்ணை அனுப்ப எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? 1978இல் பிளஸ் டூ வந்து பி.யூ.சி. பள்ளிக்குள் நுழைந்தபோது, உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் படிப்பு கூடுதலாகக் கிடைத்தது. பல குடும்பங்களில் படிப்பு அங்கேயே நின்றும் போனது.

ஆட்சியின் தலைமையிடமும் இதே வேகத்தில்தான் நெருங்கியது. 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. கள்ளக்குறிச்சிக்காரருக்குக் கலெக்டர் கடலூரிலிருந்து விழுப்புரத்துக்கு நகர்ந்தார். 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தானே மாவட்டமானது, தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டம். கலெக்டர் ஊருக்குள் வந்தார்.

பல்கலைக்கழகத்தின் கதை இதைவிடச் சுற்று. இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்தது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ்ச் சென்றன. அந்தப் பல்கலைக்கழகம் கள்ளக்குறிச்சியில் ஓர் உறுப்புக் கல்லூரியைத் தொடங்கியது. பின்னர் அது அரசு கலை அறிவியல் கல்லூரியானது. உள்ளூரிலேயே அரசுக் கட்டணத்தில் பட்டம் படிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. ஆனால் மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரில் ஓர் எழுத்து பிசகிவிட்டால் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும்.

2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் நிறைவேறியது. ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் சட்டம் வந்தது. அதன் பிறகு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையின் இணைப்புக்குள் வந்தன. 1929இல் இதே மாவட்டத்தின் கடலோரத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தின் பெயர் மேற்கு எல்லை மாணவரின் பட்டச் சான்றிதழில் ஏற 92 ஆண்டுகள் பிடித்தன.

கல்லூரிகள் மேலும் வந்தன. திருக்கோவிலூரில் 2022இல் புதிய அரசுக் கல்லூரி. 2025இல் உளுந்தூர்பேட்டைக்கும் ஒன்று. தனியார் கல்லூரிகள் நெடுஞ்சாலை ஓரமாக நிறைய எழுந்தன. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயது வரையிலானவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாட்டின் சராசரி 28.4. இந்த எண்ணைச் சொல்லும்போது நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட நியாயமும் இருக்கிறது. அதே மாநிலத்தில் 2011 கணக்கின்படி பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம், மாநில எழுத்தறிவு 80 சதவீதம். எழுத்தறிவிலேயே 26 புள்ளி பின்தங்கி நின்ற மக்களின் பிள்ளைகள்தான் இன்று கல்லூரி வயதில் இருக்கிறார்கள்.

ஒரு ஃபைலின் கனம்

ஜூன் மாதக் காலை. மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் ஒரு பையனும் அவன் அம்மாவும். அம்மா மடியில் மஞ்சப்பை. பைக்குள் பிளாஸ்டிக் ஃபைல். அதில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், நாலைந்து பாஸ்போர்ட் போட்டோ. வருமானச் சான்று கையில் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இல்லாதது ஒன்றுதான், சாதிச் சான்று.

மற்றவர்களுக்குச் சாதிச் சான்றைத் தாசில்தார் நிலையில் வாங்கிவிடலாம். பழங்குடியினருக்கு 1989 நவம்பர் முதல் வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். போலிச் சான்றுகள் பெருகியதால் வந்த கட்டுப்பாடு இது. காரணம் நியாயமானது. ஆனால் அதன் பாரம் போலிகளைவிட உண்மையானவர்கள் தலையில்தான் அதிகம் விழுந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமவெளியில் இருக்கிறது. விசாரணை முடியும்வரை ஒரு முறை இரண்டு முறை அல்ல, நாலைந்து முறை இறங்கி ஏற வேண்டும். மலையில் பிறந்தவர்கள் இந்தப் பேச்சை நன்றாக அறிவார்கள்:

“தம்பி, அப்பாவோட சாதிச் சான்று எடுத்தாந்தியா?”

“இல்லீங்க சார். அப்பா பள்ளிக்கூடமே போனதில்லீங்க.”

“சரி, சித்தப்பா பெரியப்பா யாராவது படிச்சவங்க, கவர்ன்மென்ட் வேலையில இருக்கவங்க?”

“யாரும் இல்லீங்க சார். எங்க வீட்ல நான்தான் முதல்ல.”

வீட்டில் யாரும் படிக்கவில்லை என்பதால்தான் அவனுக்குச் சலுகை. வீட்டில் யாரும் படிக்கவில்லை என்பதால்தான் அவனிடம் ஆதாரமும் இல்லை. இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. மலையாளிகள் தங்கள் பெயருக்குப் பின்னால் ‘கவுண்டர்’ என்று போட்டுக்கொள்வது வழக்கம். பழைய பத்திரத்திலோ ரேஷன் கார்டிலோ அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுச் சமவெளிக் கவுண்டர் சமூகத்தோடு குழப்பிக்கொள்வது நடக்கிறது. வெளியூர் அலுவலகங்களில் ‘மலையாளி’ என்றதும் கேரளக்காரரா என்று கேட்பதும் நடக்கிறது.

பழங்குடியினர் பட்டியலிலேயே ஓர் எல்லைக்கோடு உண்டு. மலையாளி என்ற பெயருக்கு எதிரே தருமபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று எழுதியிருக்கிறது. அந்த எல்லைக்குள் இருந்தால் பழங்குடி, வெளியே இருந்தால் இல்லை. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகள் இன்னும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். கள்ளக்குறிச்சி மாணவருக்கு உரிமை கிடைப்பது, இன்று வரைபடத்தில் இல்லாத தென்னார்க்காடு என்ற பழைய பெயரின் வழியாகத்தான்.

சாதிச் சான்று கைக்கு வருமுன் கலந்தாய்வு முடிந்துவிட்டால் அந்த ஆண்டு போயிற்று. அந்த ஆண்டில் பையன் சும்மா இருப்பதில்லை. கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு பறிக்கப் போகிறான். திருப்பூருக்குப் போகிறான். கரும்பு வெட்டப் போகிறான். ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட அழைத்துப்போகும் தரகர்களும் இந்த மலைகளுக்குத்தான் வருகிறார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மனிதர்கள் அதில் இருந்தார்கள். கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பப்படும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அடுத்த பஸ் எங்கே போகிறது என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரியும் வடதுருவத்துப் பாடமும்

மருத்துவக் கல்லூரியும் படிப்படியாகத்தான் நெருங்கியது. சேலத்தில் 1986, விழுப்புரத்தில் 2010. 2022 ஜனவரி 12இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில். ஆண்டுக்கு 150 இடங்கள். பாம்புக்கடிக்கும் பேறுகாலச் சிக்கலுக்கும் நெடுந்தூரம் ஓடிக்கொண்டிருந்த மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அங்கே வாழ்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கள்ளக்குறிச்சியில் கல்லூரி இருப்பதால் கள்ளக்குறிச்சி மாணவருக்கு அதில் இடம் என்று அர்த்தமில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 சதவீதம் போக, மீதி மாநிலம் முழுவதுக்குமான கலந்தாய்வில் நிரம்புகிறது. பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்றால் இந்தக் கல்லூரியின் கணக்கில் ஓர் இடம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடைபட்டிருந்த கதவை அது திறந்தது. உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர்களும் அதில் வருகிறார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் அது விரிந்தது. இருந்தும், மலைமேல் படிக்கும் பெண்ணுக்கும் மலையடிவாரக் கல்லூரிக்கும் நேரான ஒரு பாதை இல்லை.

இதே கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன் நார்வே நாடு கேட்டுக்கொண்டது. அதன் வடகோடி துருவ வட்டத்துக்கு மேலே இருக்கிறது. பனியும் இருட்டும் நெடுந்தூரமும். ஓஸ்லோவில் படித்த மருத்துவர்கள் அங்கே போக மறுத்தார்கள். 1968இல் அந்நாட்டு நாடாளுமன்றம் டிரோம்சோ என்ற வடபுல நகரத்தில் பல்கலைக்கழகம் அமைக்க முடிவு செய்தது. 1972இல் அது திறக்கப்பட்டது. அங்கே மருத்துவப் படிப்பில் வடபுல மாணவர்களுக்கென இடங்களில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். மாணவர்களை உள்ளூர் மருத்துவமனைகளுக்கும் கிராம மருத்துவர்களிடமும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வடக்கே பிறந்து வடக்கே படித்தவர்களில் பெரும்பாலோர் வடக்கிலேயே தங்கினார்கள். அந்த மண்ணின் பிள்ளைக்கு இடமும் அந்த மண்ணிலேயே பயிற்சியும் சேர்ந்தபோதுதான் கல்லூரி அந்த வட்டாரத்துக்குச் சொந்தமானது.

கள்ளக்குறிச்சியில் இதில் பாதி நடந்திருக்கிறது. கட்டடம் வந்துவிட்டது. சிறுவங்கூரில் படிக்கும் மருத்துவ மாணவர் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வாரங்களாவது தங்கிப் பழக வேண்டும். வெள்ளிமலை மாணவர் சிறுவங்கூரில் படிக்க வழி வேண்டும். மீதிப் பாதி இந்த இரண்டும்தான்.

வகுப்பறைக்குள்

உள்ளே வந்துவிட்ட மாணவருக்கு என்ன கிடைக்கிறது? தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். பல புதிய கல்லூரிகள் அவர்களின் தோளில்தான் நிற்கின்றன. முனைவர் பட்டம், ‘நெட்’, ‘செட்’ எல்லாம் முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துகிறவர்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதல் தலைமுறை மாணவருக்கு, மூன்றாண்டும் அதே அறையில் இருந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கும் நிரந்தரப் பேராசிரியர் வேண்டும். 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. நிரந்தரப் பணிக்கு வருபவர்களில் எத்தனை பேர் திருக்கோவிலூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் வந்து, வந்த வேகத்தில் மாறுதல் கேட்காமல் நிலைப்பார்கள் என்பதில்தான் இந்தக் கல்லூரிகளின் தரம் இருக்கிறது.

உதவித்தொகையில் நாம் முன்னேறியிருக்கிறோம். பழங்குடி மாணவருக்கு மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை 1948 முதல் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வழியாகப் பையன்களுக்கும் அதே தொகை. மலைக்குடும்பத்தில் இந்தப் பணத்தின் வேலை பெரிது. மாதம் ஆயிரம் வந்தால், “படிச்சது போதும், கட்டிக் குடுத்துடலாம்” என்ற பேச்சு ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த ஒரு வருடத்தில் அவள் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விடுவாள்.

விடுதிதான் இன்னும் பெரிய கேள்வி. மலையிலிருந்து நாள்தோறும் இறங்கிப் படித்துவிட்டு ஏற முடியாது. மாலை கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் தங்க இடமில்லை. தவறவிடாமல் இருக்கக் கடைசி வகுப்பை விட வேண்டும். இப்படி விட்ட வகுப்புகள் சேர்ந்து வருகைப் பதிவைத் தின்றுவிடுகின்றன. அரியர் விழுகிறது. இரண்டாம் ஆண்டில் பெயர் நின்றுவிடுகிறது. சேர்க்கைக் கணக்கில் அந்த மாணவர் இருக்கிறார். பட்டமளிப்பு விழாவில் அவர் இல்லை.

2024, 2025

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நாடே திரும்பிப் பார்த்தது. மலையில் காய்ச்சும் சாராயத்தைப் பற்றிய பேச்சு ஊரெங்கும் எழுந்தது. அதைத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, பள்ளி, மருத்துவம் எல்லாம் நீதிமன்றத்தில் பேசுபொருளாயின. 1976 என்ற ஆண்டு பலருக்குப் புதிதாகத் தெரியவந்தது அப்போதுதான்.

மறு ஆண்டு, 2025இல், அதே மலையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சேலம் பக்கத்துக் கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மலையாளிப் பெண் ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறிச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். மாநிலமே வாழ்த்தியது. வாழ்த்த வேண்டிய சாதனைதான். மலைப்பள்ளியின் கூரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு அவர் சாட்சி.

ஆனால் ஒருவர் ஐ.ஐ.டி.க்குப் போவதைக் கொண்டாடும் நாம், அவரோடு அதே பெஞ்சில் இருந்த மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பதில்லை. வரலாறு எழுதுகிறவனுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். நூறு பேரில் ஒருவர் மலை தாண்டிப் பறப்பது அவருடைய திறமை. மீதித் தொண்ணூற்றொன்பது பேரில் பெரும்பாலோர் கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் ஒரு பட்டத்தை முடித்து, ஆசிரியராக, செவிலியராக, கிராம நிர்வாக அலுவலராக மலைக்குத் திரும்பினால் அது ஒரு சமூகத்தின் மாற்றம். ஜாகிர்தாரிடம் கைகட்டி நின்ற தாத்தாவின் பேத்தி, அதே ஊரில் சாதிச் சான்றுக்கு விசாரணைக் குறிப்பு எழுதும் அதிகாரியாக உட்கார்ந்தால், மேலே நாம் கேட்ட அந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

1929இல் சிதம்பரம், 1968இல் விழுப்புரம், பிறகு கள்ளக்குறிச்சி, 2022இல் சிறுவங்கூர் என்று கல்லூரி தன் பங்குக்கு நடந்து வந்துவிட்டது. மலைமக்கள் 1976இலிருந்து தங்கள் பங்குக்கு நடந்து வந்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் தூரம் ஒரு சாதிச் சான்று, ஒரு விடுதி, ஒரு மாலை பஸ், ஒரு நிரந்தர ஆசிரியர். ஒரு மருத்துவக் கல்லூரியைக் கட்டி முடித்த அரசுக்கு இவை நான்கும் பெரிய வேலையே அல்ல.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்லூரி முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் இந்தத் தொடரின் வழியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் மலையிலிருந்து எத்தனை மாணவர்கள் சேர்ந்தார்கள், மூன்றாண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற இரண்டு எண்களைக் கல்லூரி வாசலில் எழுதிப் போடுங்கள். இரண்டும் ஒன்றாகும் ஆண்டில் இந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

(தொடரும்)